பத்தரை மணிக்குக் காணாமல் போன க்ளோரின்

“காசிண்ணே, கொட்டாதீங்க! அந்த டப்பாவக் கொட்டாதீங்க!”

பூர்ணிமா கன்வேயருக்கும் ரேக்குகளுக்கும் நடுவே ஓடினாள். ஒரு ரேக்கின் முனை இடுப்பில் இடித்தது. கறுப்பு ஷூ இரண்டு தரையில் உருண்டன. அவள் நிற்கவில்லை.

காசி கழிவு டிரம்மின் மூடியைத் திறந்து டப்பாவைச் சாய்த்துவிட்டிருந்தார். பூர்ணிமா பாய்ந்து டப்பாவைப் பிடுங்கினாள். எட்டிப் பார்த்தாள். அடியில் கால் டம்ளர் மிஞ்சியிருந்தது.

“இன்னா மேடம் இது? பழைய பிரைமர்தானே? நாலு மணி நேரம் தாண்டுனா கொட்டிடணும்னு போர்டு எழுதி மாட்டுனதே நீங்கதான்.”

“இன்னிக்கு மட்டும் போர்டப் பாக்காதீங்க.”

“வாரத்துக்கு ஒரு சட்டம்” என்று முணுமுணுத்தபடி காசி மூடியைப் போட்டார்.

பூர்ணிமா டப்பாவை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. நான்கு மணிக்கு இன்னும் மூன்றரை மணி நேரம்கூட இல்லை. அதற்குள் கண்டுபிடிக்காவிட்டால் தானிஷ் வெளியே.

ஆம்பூர் பைபாஸ் ஓரத்து அந்த ஷூ கம்பெனியில் நேற்று மாலையிலிருந்து யாரும் சத்தமாகப் பேசவில்லை. சென்னைக் கிடங்கில், ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்களின் இன்ஸ்பெக்டர் நூறு ஜோடி ஷூக்களைப் பிரித்துப் பார்த்திருந்தார். இருபத்திரண்டு ஜோடி வாயைப் பிளந்திருந்தன. மேல் தோல் ஒரு பக்கம், ரப்பர் சோல் ஒரு பக்கம். இன்று நான்கு மணிக்கு அவர் இங்கேயே வருகிறார்.

புரொடக்‌ஷன் மேனேஜர் வேதாசலம் காலையிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். சோலுக்குப் பூசும் பிரைமரைக் கலக்குகிறவன் தானிஷ். க்ளோரின் பவுடரின் அளவைக் குறைத்துவிட்டான். ஆகவே ஒட்டவில்லை. நாலு மணிக்கு மேல் அவன் கேட்டுக்கு உள்ளே இருக்கக் கூடாது.

பூர்ணிமாவுக்கு இரண்டு விஷயங்கள் இடித்தன. ஒன்று, லேபில் தினமும் ஒரு ஜோடி ஷூவை மெஷினில் மாட்டி, சோலை உரித்துப் பார்ப்பது அவள் வேலை. ஒரு நாள்கூட ஒரு ஜோடிகூடத் தோற்கவில்லை.

இன்னொன்று, தானிஷ் சண்டை போடவில்லை. “அளவு சரியாத்தான் போட்டேன் சார்” என்று ஒரு தடவை சொன்னான். அதோடு வாயை மூடிக்கொண்டான். வேலை போகப்போகிறவன் இப்படியா நிற்பான்?

சற்று முன்புதான், சென்னையிலிருந்து திரும்பி வந்த இருபத்திரண்டு ஜோடிகளையும் மேசையில் பரப்பி, உள்ளே ஒட்டியிருந்த ரேக் ஸ்டிக்கர்களைப் படித்திருந்தாள். தேதிகள் வேறு வேறு. மணி மட்டும் ஒரே கதை சொன்னது. எல்லாமே காலை பத்தரைக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவே பிரைமர் பூசியவை. எட்டு மணி ஷூ ஒன்றுகூட இல்லை, மதிய ஷூ ஒன்றுகூட இல்லை.

அவள் சோதனைக்கு எடுப்பது தினமும் எட்டரை மணி ரேக்கிலிருந்து!

பிரைமர் ஒரு நாளைக்கு இரண்டு டப்பா. எட்டு மணிக்குக் கலக்கும் டப்பா பன்னிரண்டரை வரை ஓடும். பிறகு புதியது. அப்படியானால், இரண்டரை மணி நேரம் நல்ல பிள்ளையாக இருந்த ஒரே டப்பா பத்தரை மணிக்கு மேல் கெட்டுப்போகிறது. அந்த டப்பாவைத்தான் காசி கவிழ்க்கப் போனார்.

“யாரும்மா அது, ஷூவை எல்லாம் கீழ தள்ளிட்டு ஓடுறது?”

வேதாசலத்தின் குரல் ஆள் வருவதற்கு முன்னால் வந்தது. ஐம்பத்தைந்து வயது. மைக் வைத்துத் திட்டினாலும் வைக்காமல் திட்டினாலும் ஒரே சத்தம்.

“சார், தப்பு தானிஷ் மேல இல்ல. ஒரே டப்பாவுல பாதி நேரம் நல்லா ஒட்டுது, பாதி நேரம் ஒட்டல. பவுடர் கம்மியா இருந்தா காலையிலேருந்தே ஒட்டக் கூடாது.”

“அவனுக்கு வக்காலத்தா? நீ வக்கீலா, கெமிஸ்ட்டா?”

“நாலு மணி வரைக்கும் டைம் குடுங்க சார்.”

“அவனுக்குக் குடுத்த டைம்தான் உனக்கும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஜாஸ்தி கிடையாது.” அவர் வாட்சைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

பிரைமர் மேசையில் ஹுமேரா உட்கார்ந்திருந்தாள். இந்த மேசையில் அவளுக்கு ஐந்து வருடம். துப்பட்டாவின் முனையை மூக்குக்கு மேல் சுற்றி, இடது கையால் சோலைத் திருப்பி, வலது கையால் பிரஷ்ஷை ஒரே இழுப்பில் ஓட்டுவாள். ஒரு சோலுக்கு நான்கு நொடி.

“ஹுமேரா, ஒன்பது மணி சோல் ஏதாவது மிச்சம் இருக்கா? பதினொண்ணரை மணி சோலும் ஒண்ணு வேணும்.”

“சைஸ் மாறினது ரெண்டு ஜோடி ஒதுக்கி வெச்சிருக்கேன். இந்தாங்க மேடம். இது காலைல, இது அப்புறம்.”

இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. பூர்ணிமா பாட்டில் தண்ணீரில் விரலை நனைத்து, ஒன்பது மணி சோலின் மேல் ஒரு சொட்டு விட்டாள். சொட்டு சட்டென்று பரவித் தட்டையானது. பதினொன்றரை மணி சோலின் மேல் இன்னொரு சொட்டு. அது பரவவில்லை. குண்டுமணிபோல் உருண்டு நின்றது. சோலைச் சாய்த்தாள். உருண்டு ஓடிக் கீழே விழுந்தது.

ஹுமேராவின் பிரஷ் நின்றுவிட்டது. “ஏன் மேடம், ரெண்டுமே நான் பூசினதுதானே?”

“பூசினது நீங்க. ஆனா இதுல க்ளோரின் ஒட்டவே இல்ல. இது வெறும் ரப்பர்.”

“நான் ஒழுங்காத்தான் பூசுறேன். அல்லா மேல ஆணையா.”

“உங்களச் சொல்லல. இன்னிக்கு காலைல ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சுதா?”

ஹுமேரா யோசித்தாள். “வித்தியாசம்னா… நாத்தம் கம்மி. அது நல்லதுதானே? போன வருஷ நோன்புல மூணாவது நாள் இதே மேசையில மயங்கி விழுந்தேன். வெறும் வயித்துல இந்த க்ளோரின் நாத்தம் இருக்கே, அப்படியே கொடலப் பொரட்டும். வேதாசலம் சார் ஓடி வந்து, ‘முடியலன்னா வீட்ல இருக்க வேண்டியதுதானே’ன்னு ஒரு கத்து கத்தினாரு பாருங்க, அதுலயே எனக்கு மயக்கம் தெளிஞ்சிடுச்சு.” சிரித்தாள். “இந்த வருஷம் பரவால்ல மேடம். டீ பெல்லுக்கு அப்புறம் நாத்தமே இருக்கறதில்ல.”

“டீ பெல்லுக்கு அப்புறமா? எத்தனை நாளா?”

“நோன்பு ஆரம்பிச்சதுலேருந்து.”

டீ பெல் அடிப்பது பத்தரைக்கு.

பெல் அடித்தால் நோன்பில்லாதவர்கள் கேன்டீனுக்குப் போவார்கள். நோன்பு வைத்தவர்கள் பின்கட்டு ஸ்டோரில் போய்க் கால் நீட்டுவார்கள். பதினைந்து நிமிடம் இந்த மேசைக்கு ஆளில்லை. அந்த நேரத்தில்தான் டப்பாவுக்கு ஏதோ நடக்கிறது. தினமும்.

க்ளோரினைச் சோதிக்கப் பொட்டாசியம் அயோடைடும் ஸ்டார்ச்சும் வேண்டும். லேபில் அயோடைடு இருந்தது. ஸ்டார்ச் பாட்டிலில் பூஞ்சை படர்ந்திருந்தது.

“காசிண்ணே! கேன்டீன்ல சாதம் வடிச்ச கஞ்சி ஒரு டம்ளர் வாங்கிட்டு வாங்க.”

“நோன்பு கஞ்சியா? அது சாயங்காலம்தான் குடுப்பாங்க.”

“குடிக்க இல்லண்ணே. வெறும் வடிகஞ்சி. உப்பு போடாதது.”

“எம்.எஸ்சி. படிச்சா இதான்” என்று சொல்லிக்கொண்டே போனார். ஆனால் வேகமாகத்தான் போனார்.

வேதாசலம் மூன்று மணிக்கு லேபுக்கு வந்தபோது மேசையில் வெள்ளைத் தாள் துண்டுகள் ஈரமாகக் கிடந்தன. பூர்ணிமா தானிஷையும் ஹுமேராவையும் கூப்பிட்டு நிற்க வைத்திருந்தாள்.

“சார், இது கஞ்சியும் அயோடைடும் தடவின தாள். க்ளோரின் இருந்தா நீலமாகும். இது புது டப்பா.” ஒரு தாளைத் தொட்டாள். மை கொட்டியதுபோல் தாள் கருநீலமானது. “இது காலை டப்பா.”

தாள் வெள்ளையாகவே இருந்தது.

வேதாசலம் மேசையில் ஓங்கித் தட்டினார். “அதத்தானே நான் காலைலேருந்து சொல்றேன்! பவுடரே போடல இவன்!”

தானிஷ் தலையைக் குனிந்துகொண்டான். இருபத்து நான்கு வயது. கைகளைப் பின்னால் கட்டியிருந்தான்.

“பவுடர் போட்டிருக்கான் சார். இதப் பாருங்க.” பூர்ணிமா காலை டப்பாவை வெளிச்சத்தில் சாய்த்தாள். அடியில் வெள்ளையாக மண்டி படிந்திருந்தது. “பவுடர்ல க்ளோரின் தனியா வர்றதில்ல. இன்னொரு பொருளோட முதுகுல ஏறி வருது. பவுடர் இந்த சால்வென்ட்ல நல்லா கரையும். க்ளோரின் இறங்கிப் போயிட்டா அந்த இன்னொரு பொருள் கரையாது, அடியில தங்கிடும். வந்தவன் இறங்கிட்டான், வண்டி இங்க நிக்குது. பவுடரே போடலன்னா இந்த மண்டி எங்கேருந்து வரும்?”

வேதாசலம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். “அப்ப க்ளோரின் எங்க போச்சு? பறந்து போச்சா?”

“எதையோ புடிச்சுக்கிச்சு.”

“எனக்குப் புரியற மாதிரி சொல்லு. அந்த இன்ஸ்பெக்டர்கிட்ட நான்தான் பேசணும்.”

பூர்ணிமா ஒரு நொடி யோசித்தாள். “தானிஷ், வீட்ல நீயும் உன் தம்பியும் ஒரே போர்வையிலதானே படுக்கிறீங்க?”

“ஆமா மேடம். அவன் பேஜார் புடிச்சவன். விடியறப்ப போர்வை மொத்தமா அவன்கிட்ட இருக்கும், என் காலு வெளிய இருக்கும்.”

“உன் தம்பிதான் க்ளோரின்.”

ஹுமேரா துப்பட்டாவுக்குள் சிரித்தாள். வேதாசலம் சிரிக்கவில்லை.

“ரெண்டு அணு சேர்றதே ஒரு ஜோடி எலக்ட்ரானப் பங்கு போட்டுக்கத்தான் சார். அதான் போர்வை. யார் எவ்வளவு இழுப்பாங்கன்னு எண்ணே இருக்கு. எலக்ட்ரான் கவர்தன்மைன்னு பேரு. ஹைட்ரஜனுக்கு ரெண்டு புள்ளி ரெண்டு, கார்பனுக்கு ரெண்டரைக்குக் கொஞ்சம் மேல. ரப்பர் முழுக்க இவங்க ரெண்டு பேர்தான். பெரிய வித்தியாசம் இல்ல, அதனால போர்வை நடுவுலயே கெடக்கும், சண்டையே கெடையாது.”

“நல்லதுதானே?”

“நமக்கு நல்லதில்ல சார். நம்ம பசையில ஆக்சிஜன் இருக்கு, நைட்ரஜன் இருக்கு. ரெண்டுமே இழுக்கிற பார்ட்டி. அதனால பசையில ஒரு முனை கொஞ்சம் மைனஸ், ஒரு முனை கொஞ்சம் பிளஸ். அது சோல்லயும் பிளஸ், மைனஸ் இருக்கான்னு தேடும். இருந்தாத்தான் கெட்டியா புடிக்கும். ரப்பர்ல ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான் பிரைமர். க்ளோரினுக்கு மூணுக்கும் மேல. ரப்பர்ல இருக்கிற கார்பனோட சேர்ந்துக்கிட்டு போர்வையத் தன் பக்கம் இழுக்கும். க்ளோரின் மைனஸ், கார்பன் பிளஸ். இதுதான் முனைவுற்ற சகப்பிணைப்பு. தண்ணியும் அதே ஜாதி. அதான் நான் தண்ணி விட்டுப் பாத்தப்ப நல்ல சோல்ல பரவுச்சு, கெட்ட சோல்ல உருண்டு ஓடுச்சு.”

வேதாசலம் நெற்றியைத் துடைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அடுத்த கேள்வியில் தெரிந்தது. “சரி, ரப்பரப் புடிக்க வேண்டிய க்ளோரின் வேற எதையோ புடிச்சுக்கிச்சு. எத?”

“ரப்பர்ல க்ளோரின் கண்ட இடத்துல பாயாது சார். ரெண்டு கார்பன் நடுவுல ஒரு ஜோடிக்கு பதிலா ரெண்டு ஜோடி எலக்ட்ரான் இருக்கிற இடமாப் பாத்துப் பாயும். அதே மாதிரி இடம் உள்ள வேற ஏதோ ஒண்ணு டப்பாவுக்குள்ளயே வந்திருக்கு. பிரஷ் சோலத் தொடறதுக்கு முன்னாடியே க்ளோரின் அதுகூட சேர்ந்துடுச்சு. அதான் நாத்தமும் இல்ல. நாத்தத்த எதுவும் மறைக்கல சார், நாத்தம் அடிக்க வேண்டியதே தீந்து போச்சு.”

“கேக்கறது அதில்ல. எதுன்னு கேக்கறேன்.”

பூர்ணிமா டப்பாவை மூக்கருகே கொண்டுபோனாள். முதலில் சால்வென்ட்டின் வாசனை, கனிந்த பழம்போல. அதற்கு அடியில், மெல்ல, இன்னொன்று. ரோஜா. ஆஸ்பத்திரித் தரையில் விழுந்து மிதிபட்ட ரோஜா.

“தானிஷ், உன்கிட்ட அத்தர் இருக்கா? ரோஜா அத்தர்?”

தானிஷின் முகம் வெளுத்தது. “எதுக்கு மேடம்?”

“இருக்கா, இல்லையா?”

அவன் சட்டைப் பையிலிருந்து சுண்டு விரல் உயரத்தில் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினான். ஹுமேரா பதறினாள். “மேடம், நோன்புல எல்லார் பையிலயும் இருக்கும். என் வீட்டுக்காரர் பையிலயும் இருக்கு. அதுக்காக இவன்…”

“நான் யாரையும் சொல்லல. பாருங்க.”

புது டப்பாவிலிருந்து கொஞ்சம் பிரைமரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றினாள். தாளைத் தொட்டாள். கருநீலம். பிறகு அத்தரை விட்டாள். ஒரு சொட்டு, இரண்டு, ஐந்து, பத்து. குழாயை ஆட்டினாள்.

நான்கு பேரும் குனிந்தார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. சுவர்க்கடிகாரம் மூன்று முப்பதைக் காட்டியது. பூர்ணிமா குழாயை வேதாசலத்தின் கையில் கொடுத்தாள். “சூடு தெரியுதா சார்?”

தெரிந்தது. அவர் விரலை மாற்றிப் பிடித்தார். உள்ளே தெளிவாக இருந்த திரவம் மெல்லப் பால்போல் கலங்கியது. வெள்ளைப் பொடி ஆடி ஆடி இறங்கி அடியில் உட்கார ஆரம்பித்தது. காலை டப்பாவில் இருந்த அதே மண்டி.

பத்து நிமிடம் கழித்து புதிய தாளை நனைத்தாள். வெள்ளை. வெள்ளையாகவே இருந்தது.

“யா அல்லா” என்றாள் ஹுமேரா.

பூர்ணிமாவுக்கு ஒரு கணம் எல்லாம் மறந்துபோனது. கல்லூரியில் கரும்பலகையில் பார்த்ததைக் கண்ணெதிரே பார்த்துவிட்டாள்! பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நாற்பத்தெட்டு.

“கெட்டது எதுன்னு இனிமே தெளிவா பிரிச்சிடலாம் சார். நோன்பு ஆரம்பிச்ச நாள்லேருந்து பத்தரை டு பன்னெண்டரை ரேக் மட்டும். ஐநூறு ஜோடி சொச்சம் வரும். அத உரிச்சு மறுபடி பூசி ஒட்டலாம். மிச்சமெல்லாம் சரியா இருக்கு. இன்ஸ்பெக்டர் எதிர்லயே தண்ணி விட்டுக் காட்டறேன். ஆனா அவர் ஒரு கேள்வி கேப்பாரு. தெனம் பத்தரைக்கு டப்பாவுல அத்தர் ஊத்தினது யாரு?”

அவள் தானிஷைப் பார்த்தாள். “நீயா?”

“இல்ல மேடம்.”

“யாருன்னு தெரியுமா?”

தானிஷ் கைகளை மறுபடி பின்னால் கட்டிக்கொண்டான்.

வேதாசலம் கண்ணாடிக் குழாயை இன்னும் கீழே வைக்கவில்லை. அடியில் படிந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசியபோது குரல் இறங்கியிருந்தது. லேபில் இருந்த யாரும் அவர் அப்படிப் பேசிக் கேட்டதில்லை.

“நீ பாத்தியாடா?”

“பாத்தேன் சார். மொத நோன்பு அன்னிக்கே பாத்துட்டேன். பிரஷ் வெக்க திரும்பி வந்தேன், அப்ப.”

“நாலு மணிக்கு வேலை போவப் போவுதுன்னு தெரியும். அப்பவும் ஏன் வாயத் தொறக்கல?”

“அத்தர் ஊத்துனா சோல் ஒட்டாதுன்னு எனக்கு எப்படி சார் தெரியும்? மேடம் சொல்லித்தான் இப்பத் தெரியுது.”

“இப்பதான் தெரிஞ்சிடுச்சே. இப்பவும் கம்முனு நிக்கிறியே.”

தானிஷ் ஹுமேராவை ஒரு தடவை பார்த்தான். “ஹுமேரா ஆபா இந்த வருஷம் மயங்கி விழல சார். அத செஞ்சவங்களக் காட்டிக் குடுத்துட்டு, சாயங்காலம் நான் எந்த வாயில நோன்பு தொறக்கறது?”

வெளியே கேட்டில் கார் ஹார்ன் அடித்தது. காசி லேப் கதவில் தலையை நீட்டினார். “சார், சென்னை வண்டி வந்துடுச்சு.”

வேதாசலம் குழாயை ஸ்டாண்டில் செருகினார். சட்டையை இழுத்துச் சரி செய்துகொண்டார். கதவு வரை போனவர் திரும்பினார். ஹுமேராவைப் பார்க்கவில்லை, பூர்ணிமாவைத்தான் பார்த்தார்.

“அவர்கிட்ட தானிஷ் பேர எடுக்காதம்மா. அவன் போய் வேலையப் பாக்கட்டும். அந்த அத்தர ஆற்காட்டுல ஒரு கடையில டஜன் கணக்குல வாங்கினேன். நாத்தம் போனா போதும்னுதான் நெனச்சேன். டீ பெல் அடிச்சா டேபிள்கிட்ட ஒருத்தரும் இருக்க மாட்டீங்க இல்ல, அப்ப தெனம் வந்து ஊத்திட்டுப் போனது நான்தான்.”